ஹோயாக் கொடிக்குப் புதுத் தொட்டி

தண்ணீர் ஊற்றாததால் வாடும் செடியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஈரத்தில் நின்றுகொண்டே வாடும் செடியைப் பார்த்திருக்கிறீர்களா? தொட்டிக்குள் விரலை விட்டால் மண் சொதசொதவென்று இருக்கும். இலைகளோ நாலு நாள் நீர் காணாதவை போலச் சுருங்கித் தொங்கும். வீட்டிலுள்ளவர்கள் என்ன செய்வார்கள்? "ஐயோ பாவம், வாடிவிட்டதே" என்று இன்னும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுவார்கள். அடுத்த வாரம் செடியைத் தூக்கிக் குப்பையில் போட வேண்டியதுதான்.

தாழ்வாரத்தில் உறி கட்டித் தொங்கவிடும் கொடிகளில், இந்தக் கதிக்கு அடிக்கடி ஆளாவது ஹோயா. அதிலும் பெரும்பாலும் தொட்டி மாற்றிய இரண்டாவது மூன்றாவது மாதத்தில்தான் இப்படி நேர்கிறது. பத்து ஆண்டுகள் சின்னஞ்சிறு தொட்டியில் வளர்ந்து, ஆண்டுதோறும் பூத்துக்கொண்டிருந்த கொடி அது. "இவ்வளவு சிறிய தொட்டியில் பாவம் எப்படி வளரும்?" என்று யாரோ இரக்கப்பட்டுப் பெரிய தொட்டி வாங்கி, நல்ல தோட்டத்து மண்ணும் எருவும் நிரப்பி வைத்திருப்பார்கள். அந்த இரக்கமே அதற்கு எமனாகிறது. ஏன்? இதற்கு விடை தாவரவியல் நூலில் பாதி இருக்கிறது. மீதிப் பாதி உங்கள் இயற்பியல் நூலில், பரப்பு இழுவிசை என்ற பாடத்தில் இருக்கிறது.

மரத்தின் மேல் குடியிருப்பு

ஹோயாவை முதலில் அறிமுகம் செய்துகொள்வோம். தடித்த, பளபளப்பான இலைகள். நீண்டு தொங்கும் அல்லது பற்றிப் படரும் தண்டு. மெழுகில் அச்சு வார்த்தது போன்ற சிறு நட்சத்திரப் பூக்கள் குடைபோலக் கொத்தாகப் பூக்கும். தண்டைக் கிள்ளினால் பால் வரும். இந்த அடையாளங்களைப் படிக்கும்போதே உங்களுக்கு வேறொரு செடி நினைவுக்கு வரவேண்டும். ஆம், எருக்கு! இரண்டும் ஒரே குடும்பம். ஓர் எருக்கம் பூவைப் பறித்துவந்து, அதன் நடுவிலுள்ள கிரீடம் போன்ற பகுதியைக் கைலென்சு வைத்துப் பாருங்கள். ஹோயாப் பூவின் அமைப்பு ஏறக்குறைய விளங்கிவிடும்.

இந்தப் பேரினத்துக்கு 1810-ஆம் ஆண்டு பெயர் சூட்டியவர் ராபர்ட் பிரவுன். நீரில் மிதக்கும் நுண்துகள்கள் ஓயாமல் துள்ளுவதைக் கண்டறிந்தாரே, 'பிரவுனியன் இயக்கம்', அதே பிரவுன்தான். இங்கிலாந்தில் நார்தம்பர்லாந்துக் கோமகனின் சயன் மாளிகைத் தோட்டத்தைக் கவனித்துவந்த தாமஸ் ஹாய் என்ற தோட்டக்காரரின் பெயரைத்தான் அவர் இதற்கு இட்டார். (தோட்டக்காரர் ஒருவரின் பெயரைத் தாங்கிய செடி தொட்டி மண்ணால் சாவது சற்று அநியாயம்தான்.) நர்சரிகளில் அதிகம் விற்கப்படும் ஹோயா கார்னோசா சீனாவின் தென்பகுதி, தைவான், ஜப்பான் முதலிய இடங்களுக்கு உரியது. நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் ஹோயா வைட்டியை, ஹோயா பாசிஃபுளோரா போன்ற இனங்கள் உண்டு. பின்னது இலங்கையிலும் வளர்கிறது. இவற்றைக் காட்டிலிருந்து பிடுங்கி வந்து வளர்க்க முயலாதீர்கள். நர்சரியில் கிடைக்கும் கொடியின் ஒரு கணுத்துண்டே போதும், வேர் பிடித்துவிடும்.

பெரும்பாலான ஹோயாக்கள் தரையில் வளர்வதில்லை. மரக்கிளையிலும் பாறையிலும் தொற்றி வளர்கின்றன. இத்தகையவற்றைத் 'தொற்றுத் தாவரங்கள்' என்கிறோம். மாமரத்தில் நீங்கள் காணும் புல்லுருவியோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. புல்லுருவி மரத்துக்குள் வேரைச் செலுத்தி அதன் சாற்றை உறிஞ்சுகிறது. ஹோயாவோ மரத்திடம் இடம் மட்டுமே கேட்கிறது. சாப்பாடு அதன் சொந்த ஏற்பாடு.

அந்த இடம் எப்படிப்பட்டது என்று சற்றுக் கற்பனை செய்து பாருங்கள். மரப்பட்டையின் வெடிப்பில் கொஞ்சம் பாசி, மக்கிய சருகு, தூசி. மழை பெய்கிறது, வேர்கள் முழுக்க நனைகின்றன. மழை நின்ற சில நிமிடங்களில் நீர் கிளையோடு வழிந்து ஓடிவிடுகிறது. மிஞ்சுவது சருகும் பட்டையும் உறிஞ்சி வைத்த ஈரம் மட்டுமே. சுற்றிலும் காற்று. அடுத்த மழை வரும்வரை தடித்த இலைகளில் சேமித்த நீரை வைத்துச் சமாளிக்க வேண்டும். ஹோயா கார்னோசா இன்னொரு சிக்கனமும் செய்கிறது. பகலில் இலைத்துளைகளைத் திறந்தால் நீராவி வீணாகும் என்று, இரவின் குளிர்ச்சியில் திறந்து கரியமில வாயுவை வாங்கி, அமிலமாக மாற்றிச் சேர்த்து வைத்துக்கொண்டு, பகலில் கதவை மூடிக்கொண்டு சமைக்கிறது! கற்றாழையும் கள்ளியும் கையாளும் முறை இது. இதனால் ஹோயா நீரை மிக மெதுவாகவே செலவழிக்கிறது. அதாவது, தொட்டியில் நாம் ஊற்றும் நீரை இது விரைவில் குடித்துத் தீர்த்துவிடாது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேருக்கும் மூச்சு உண்டு

வேர் சுவாசிக்கிறது என்று படித்திருப்பீர்கள். ஆக்சிஜன் இல்லாவிட்டால் வேரின் செல்களுக்கு ஆற்றல் கிடைக்காது. ஆற்றல் இல்லாவிட்டால் அவற்றால் உப்புகளை உள்ளிழுக்கவோ புது நுனியை வளர்க்கவோ முடியாது. நாளடைவில் நீரை உறிஞ்சும் திறனும் போய்விடும். ஈரத்தில் நின்றபடியே செடி வாடுவது இதனால்தான். நீர் இருக்கிறது, ஆனால் எடுத்துக்கொள்ள ஆள் இல்லை. இறந்த வேரைத் தின்ன 'பித்தியம்' போன்ற நீர்ப்பூஞ்சைகள் காத்திருக்கும். அவற்றின் வித்துகள் நீரில் நீந்தியே அடுத்த வேருக்குப் போகும். அதன் பிறகு அழுகல்தான்.

ஏன் நனைந்த மண்ணில் ஆக்சிஜன் கிடைக்காது? நீரிலும் ஆக்சிஜன் கரைந்திருக்கிறதே, மீன்கள் வாழவில்லையா என்று கேட்கலாம். நல்ல கேள்வி. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 25 டிகிரி செல்சியசில் ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் ஆக்சிஜன் உண்டு. அதே வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீரில் கரைந்திருப்பது சுமார் 8 மில்லிகிராம்தான். இதுகூடப் பெரிய குறை அல்ல. செலவான ஆக்சிஜனுக்குப் பதில் புதிது எவ்வளவு விரைவில் வந்து சேர்கிறது என்பதே முக்கியம்.

அசையாத வாயுவிலோ நீரிலோ ஒரு மூலக்கூறு முட்டி மோதிப் பரவுவதற்கு 'விரவல்' என்று பெயர். விரவலுக்கு ஆகும் நேரத்தைத் தோராயமாக அறிய ஓர் எளிய சூத்திரம் உண்டு: தூரத்தின் வர்க்கத்தை, விரவல் எண்ணின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். ஆக்சிஜனுக்கு இந்த எண் காற்றில் வினாடிக்குச் சுமார் 0.2 சதுர செ.மீ.; நீரில் சுமார் 0.00002 சதுர செ.மீ. பத்தாயிரம் மடங்கு வித்தியாசம்! ஒரு செ.மீ. தூரம் விரவ, காற்றில் இரண்டரை வினாடி போதும். நீரிலோ 25,000 வினாடி, அதாவது ஏறக்குறைய 7 மணி நேரம். தூரம் 10 செ.மீ. ஆனால், வர்க்கம் என்பதால் நேரம் 100 மடங்காகிறது. காற்றில் 4 நிமிடத்துக்குச் சற்று அதிகம். நீரில் 25 இலட்சம் வினாடி, அதாவது 29 நாள்!

மீன் தொட்டியில் நீர் கலக்கப்படுகிறது. ஆற்றில் ஓடுகிறது. பூந்தொட்டியின் அடியில் மண் துகள்களுக்கிடையே சிக்கிய நீர் அசைவதே இல்லை. அங்கே மாட்டிக்கொண்ட வேருக்கு மேலிருந்து ஆக்சிஜன் விரவி வருவதற்குள் அதன் கதை முடிந்துவிடும். ஆகவே, தொட்டி மாற்றும்போது நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இந்த மண்ணில் சத்து எவ்வளவு?" என்பதல்ல, "நீர் வடிந்த பிறகு இதில் காற்று எவ்வளவு?" என்பதே.

துளை இருந்தும் வடியாத நீர்

தொட்டியின் அடியில்தான் துளை இருக்கிறதே, நீர் முழுவதும் வடிந்துவிடாதா? வடியாது. இங்கேதான் உங்கள் இயற்பியல் பாடம் வருகிறது.

பள்ளி ஆய்வகத்தில் நுண்புழைக் குழாயை நீரில் நிறுத்தினால் நீர் தானாக மேலேறி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். எவ்வளவு குறுகிய குழாயோ, அவ்வளவு உயரம். ஜேம்ஸ் ஜூரின் என்ற ஆங்கிலேயர் 1718-இல் இந்த விதியை விளக்கினார். கண்ணாடியும் நீரும் என்றால், 30-ஐக் குழாயின் உட்குறுக்களவால் (மி.மீட்டரில்) வகுத்தால் ஏற்ற உயரம் மி.மீட்டரில் கிடைக்கும். குறுக்களவு 1 மி.மீ. என்றால் 30 மி.மீ.; அரை மி.மீ. என்றால் 60 மி.மீ.; 0.1 மி.மீ. என்றால் 300 மி.மீ. இப்போது அந்தக் குழாயை நீரிலிருந்து வெளியே தூக்கிவிடுங்கள். அடிமுனை திறந்துதான் இருக்கிறது. ஆனாலும் உள்ளே ஏறிய நீர் கொட்டிவிடுவதில்லை. பரப்பு இழுவிசை அதைத் தாங்கிப் பிடிக்கிறது.

தொட்டி மண்ணின் இடைவெளிகள் இப்படிப்பட்ட எண்ணற்ற வளைந்து நெளிந்த நுண்புழைகளே. ஆகவே, நாம் நீர் ஊற்றி, வடிய வேண்டியது வடிந்து, துளையில் சொட்டுவது நின்ற பிறகும் தொட்டியின் அடிப்பகுதியில் குறிப்பிட்ட உயரத்துக்கு எல்லா இடைவெளிகளும் நீரால் நிரம்பியே நிற்கும். தொட்டிக்குள் ஒரு சிறு நிலத்தடி நீர்மட்டம் என்று இதைச் சொல்லலாம். துகள்கள் பொடியாக இருந்தால் இந்த அடுக்கு உயரமாக இருக்கும். பெரிதாக இருந்தால் தாழ்ந்துவிடும். பரல்களுக்கிடையேயுள்ள வழியின் அகலம் பரலின் அளவில் மூன்றில் ஒன்று முதல் ஐந்தில் ஒன்று என்று தோராயமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு செ.மீ. அளவுள்ள தேங்காய் மட்டைத் துண்டுகளுக்கு இந்த அடுக்கு ஓரிரு செ.மீட்டரோடு முடிந்துவிடும். நைசான தோட்டத்து மண்ணில் அது ஆழம் குறைந்த தொட்டி முழுவதையுமே விழுங்கிவிடலாம்.

நம்பிக்கை வரவில்லையா? ஐந்து நிமிடத்தில் செய்துபார்க்கக்கூடிய சோதனை ஒன்று சொல்கிறேன். செவ்வக வடிவில் ஒரு பெரிய ஸ்பாஞ்சு வேண்டும். அதை நீரில் முழுக்க ஊறவைத்து, கிடைமட்டமாகப் படுத்த நிலையில், பிழியாமல் தூக்குங்கள். நீர் ஒழுகும், சற்று நேரத்தில் சொட்டுவது நிற்கும். இப்போது அதை மெல்லத் திருப்பி நீண்ட விளிம்பின் மேல் நிற்கும்படி பிடியுங்கள். மறுபடியும் நீர் ஒழுகும்! அதுவும் நின்ற பிறகு, குறுகிய விளிம்பு கீழே வரும்படி செங்குத்தாகப் பிடியுங்கள். மூன்றாவது முறையும் ஒழுகும். ஸ்பாஞ்சு அதேதான், துளைகளும் அதே. நிரம்பிய அடுக்கின் உயரமும் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒன்றே. மாறியது அடிப்பரப்பு. செங்குத்தாகப் பிடித்தபோது அடிப்பரப்பு சிறிது, ஆகவே தேங்கிய நீரும் சிறிது.

இதிலிருந்து தோட்டக்காரருக்கு ஒரு செய்தி கிடைக்கிறது. ஒரே மண்கலவையை ஆழமான தொட்டியிலும் தட்டையான தொட்டியிலும் நிரப்பினால், தட்டைத் தொட்டிதான் அதிக சதுப்பாக இருக்கும். கடைகளில் விற்கும் தொங்கு தொட்டிகளோ பெரும்பாலும் தட்டைக் கிண்ணங்கள்! போதாக்குறைக்கு, அடியில் தண்ணீர் தேங்கும் தட்டு ஒன்றையும் மாட்டி விடுகிறார்கள். அதை முதலில் கழற்றுங்கள்.

சோதனையை இன்னும் ஒரு படி நீட்டலாம். கிடைமட்டமாகப் பிடித்துச் சொட்டு நின்ற ஸ்பாஞ்சின் அடியில் நனைத்த திரிநூல் ஒன்றைத் தொட்டுத் தொங்கவிட்டால், நூல் வழியாக மேலும் நீர் இறங்குவதைக் காணலாம். நூல் நீர்த்தம்பத்தின் நீளத்தைக் கூட்டுகிறது, எடை வெல்கிறது. தொட்டித் துளை வழியே ஒரு பருத்தித் திரியைக் கீழே தொங்கவிட்டு வைப்பவர்கள் இதையே செய்கிறார்கள்.

அடியில் ஜல்லி போடலாமா?

"அடியில் இரண்டு அங்குலம் ஜல்லி போட்டால் தண்ணீர் வடிந்துவிடும்" என்பது நம் வீடுகளில் வேதவாக்கு. யோசித்துப் பாருங்கள். மேலே இருப்பது பொடிமண், அதன் நுண்புழைகள் நீரை இறுகப் பிடித்திருக்கின்றன. கீழே ஜல்லியின் அகன்ற இடைவெளிகளுக்கு அத்தகைய பிடி கிடையாது. பிடியிலுள்ள நீர், மேலே போதுமான எடை சேரும்வரை அங்கே இறங்காது. விளைவு, தொட்டியின் அடியில் நின்ற சதுப்பு அடுக்கு, ஜல்லிக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்கிறது. வேருக்கு நெருக்கமாக! மண்ணும் பரலும் எந்த அளவு என்பதைப் பொறுத்து, தேங்கும் மொத்த நீர் சிறிது கூடலாம் குறையலாம். ஆனால் சேற்றை ஜல்லி கலவையாக மாற்றாது. ஒரே மாதிரி இரண்டு டம்ளர்களின் அடியில் துளையிட்டு, ஒன்றில் ஜல்லி போட்டும் மற்றதில் போடாமலும் மண் நிரப்பி நீங்களே பார்த்துக்கொள்ளலாம். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டம்ளராக இருந்தால் நனைந்த அடுக்கு வெளியிலிருந்தே தெரியும்.

துளையின் மேல் ஓர் ஓட்டுச் சில்லை வைக்கும் பழக்கம் வேறு. அது மண் கொட்டாமலிருக்க, வைக்கலாம்.

கலவை

பொடியை ஒழித்துப் பரலைச் சேர்ப்பதே கலவையின் இரகசியம். சுண்டைக்காய் அளவில் நறுக்கிய தேங்காய் மட்டைத் துண்டு மூன்று பங்கு, அதே அளவில் உடைத்த அடுப்புக்கரி ஒரு பங்கு, செங்கல் துண்டு ஒரு பங்கு, மக்கிய இலை எரு அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு. தோட்டத்து மண் வேண்டவே வேண்டாம். மட்டைத் துண்டுகளில் உப்பும் துவர்ப்புச் சாயமும் இருக்கும். ஓரிரு நாள் நீரில் ஊறவைத்து, இரண்டு மூன்று முறை நீரை மாற்றிக் கழுவ வேண்டும். கரியையும் செங்கலையும் சல்லடையில் சலித்துத் தூளை நீக்கிவிடுங்கள். இந்தச் சலிப்பை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் வீண். கொஞ்சம் தூள் போதும், பெரிய பரல்களின் இடைவெளியை அடைத்துவிடும். இன்று நர்சரிகளில் கோகோபீட் என்று கட்டியாக விற்கும் நார்க்கழிவு நைசானது. நீரை நிறையப் பிடிக்கும். அதை மட்டுமே நிரப்பி ஹோயாவை வைப்பது நனைந்த ஸ்பாஞ்சில் வைப்பதற்குச் சமம்.

கலவை சரியா என்பதை அளந்தே சொல்லிவிடலாம். தொட்டியின் துளைகளை உள்ளே நீர் கசியாதபடி ஒட்டுத்தாளால் அடைத்து, முதலில் வெறும் தொட்டி எத்தனை மில்லிலிட்டர் நீர் கொள்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். நீரைக் கொட்டிவிட்டு, முன்பே நனைத்து வைத்த கலவையை அதே மட்டத்துக்கு நிரப்புங்கள். மேற்பரப்பில் நீர் பளபளக்கும்வரை மெதுவாக நீர் ஊற்றிச் சற்று வைத்திருங்கள். பிறகு ஒட்டுத்தாளை எடுத்து, ஒழுகும் நீர் முழுவதையும் ஒரு பாத்திரத்தில் பிடித்து அளவிடுங்கள். ஒழுகிய நீரின் இடத்தில் காற்று நுழைந்திருக்கிறது அல்லவா? ஆகவே அதன் கனஅளவே காற்றின் கனஅளவு. 1,000 மி.லி. தொட்டியிலிருந்து 250 மி.லி. ஒழுகினால், 25 விழுக்காடு காற்று. தொற்றுத் தாவரங்களுக்கு 20 விழுக்காட்டுக்கு மேல் இருப்பது நல்லது. ஒப்பிட்டுப் பார்க்கத் தோட்டத்து மண்ணிலும் இதையே செய்துபாருங்கள். ஒழுகும் நீரைப் பிடிக்க ஒரு சிறு கிண்ணமே போதும்.

எவ்வளவு பெரிய தொட்டி?

4 அங்குலத் தொட்டியிலிருக்கும் கொடியை 8 அங்குலத் தொட்டிக்கு மாற்றினால் இரட்டிப்பு இடம் என்று நினைக்கிறோம். நீளம், அகலம், உயரம் மூன்றும் இரட்டிப்பதால் கனஅளவு 8 மடங்கு! அது பிடித்து வைக்கும் நீரும் அந்த அளவுக்குக் கூடுகிறது. ஆனால் அந்த நீரைக் குடிக்க வேண்டிய இலைகளும் வேர்களும் நேற்றிருந்தவையே. முன்பு நான்கு நாளில் காய்ந்த தொட்டி இனி மாதக்கணக்கில் ஈரமாக நிற்கும். 4 அங்குலத்திலிருந்து 5 அங்குலத்துக்கு மாற்றினால்கூடக் கனஅளவு ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடுகிறது (1.25-ஐ மூன்று முறை பெருக்கிப் பாருங்கள்). ஆகவே ஒரே ஓர் அங்குலம் பெரிய தொட்டி போதும்.

சுட்ட மண் தொட்டியின் சுவர் வழியாகவும் ஈரம் ஆவியாகும். அதனால் கலவை விரைவில் காயும். பிளாஸ்டிக் தொட்டி இலேசானது, உறிக்கும் ஆணிக்கும் சுமை குறைவு. எதுவானாலும் சரி, துளைகள் தாராளமாக இருக்கட்டும்.

எப்போது மாற்ற வேண்டும்? வேர்கள் நெருக்கமாக இருப்பது மட்டும் காரணமாகாது. ஹோயா நெருக்கத்தைப் பொறுத்துக்கொள்ளும். உண்மையான காரணம் கலவை கிழடாவது. மட்டையும் இலை எருவும் இரண்டு மூன்று ஆண்டுகளில் மக்கித் தூளாகின்றன. இடைவெளிகள் குறுகுகின்றன, நிரம்பிய அடுக்கு ஆண்டுக்கு ஆண்டு மேலே ஏறுகிறது. ஊற்றிய நீர் மேலேயே நின்று தயங்கினாலோ, வழக்கத்தைவிடப் பல நாள் ஈரம் நின்றாலோ, தொட்டியின் விளிம்பில் கிணற்று நீரின் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தாலோ மாற்றிவிடலாம். கொடி துளிர்விடும் காலமே ஏற்றது. நம் சமவெளியில் பிப்ரவரி, மார்ச் மாதங்கள், அல்லது கத்திரி வெயில் தணிந்த ஜூலை, ஆகஸ்ட். பூமொட்டு விட்டிருந்தால் பூத்து முடியும்வரை பொறுங்கள்.

வேலைக்கு வருவோம்

தொங்கும் கொடிக்குத் தொட்டி மாற்றும்போது முதல் எதிரி அதன் நீளம். கையில் எடுத்ததும் நாலு பக்கமும் ஆடி, கணுவுக்குக் கணு முறியும். ஆகவே முதலில் கொடிகளைத் தளர்வாக வளையம் போலச் சுற்றி, பழைய துணி நாடாவால் இரண்டு மூன்று இடத்தில் இறுக்காமல் கட்டிவிடுங்கள். இலையில்லாமல் நீண்டிருக்கும் தண்டை வெட்டிவிடாதீர்கள். இலை பிறகு வரும். பூ உதிர்ந்த பிறகு நிற்கும் சிறு காம்பையும் தொடாதீர்கள். அடுத்த முறையும் அதே காம்பில்தான் பூக்கும். தண்டு முறிந்து பால் வடிந்தால் கையைக் கழுவிக்கொள்ளுங்கள், கண்ணைத் தேய்க்காதீர்கள்.

பழைய கலவை இலேசான ஈரத்தோடு இருக்கும்போது வேலையைத் தொடங்குவது நல்லது. செய்தித்தாளை விரித்துத் தொட்டியைப் படுக்கவைத்து, பிளாஸ்டிக்கானால் சுற்றிலும் அமுக்கித் தளர்த்தி, தண்டைப் பிடித்து இழுக்காமல், தொட்டியை வேர்க்கட்டியிலிருந்து உருவி எடுங்கள். மண் தொட்டியில் வேர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அரை மணி நேரம் நீரில் முக்கி வைத்தால் விடும். அப்படியும் விடாவிட்டால் தொட்டியை உடையுங்கள். தொட்டிக்கு விலை சில ரூபாய்தான், பத்தாண்டு வளர்ந்த வேர் விலைக்குக் கிடைக்காது.

வேர்க்கட்டியை முழுதாகப் பிரித்துக் கழுவ வேண்டியதில்லை. உதிர்கிற தூளை மட்டும் விரலால் தட்டி எடுங்கள். நல்ல வேர் உறுதியாக இருக்கும். அழுகியது பழுப்பாகி, தொட்டால் தோல் உரிந்து நூல் போல உள்நரம்பு மட்டும் நிற்கும்; கெட்ட நாற்றமும் வரும். அவற்றைச் சுத்தமான பிளேடால் நறுக்கிவிடுங்கள். புதுத் தொட்டியில் கொஞ்சம் கலவை போட்டு, வேர்க்கட்டியை முன்பிருந்த ஆழத்திலேயே வைத்து, சுற்றிலும் கலவையை நிரப்புங்கள். கட்டையால் குத்தி இறுக்க வேண்டாம். தொட்டியின் பக்கத்தில் கையால் நாலு தட்டுத் தட்டினால் பரல்கள் தாமே அமரும். குத்தி இறுக்குவது என்பது நாம் பாடுபட்டுச் சேர்த்த காற்றை நாமே வெளியேற்றுவது. பிறகு துளை வழியே ஒழுகும்வரை ஒருமுறை நீர் ஊற்றி வடியவிடுங்கள். நிறைய அழுகல் வேரை வெட்டியிருந்தால் மட்டும், காயம் ஆற ஓரிரு நாள் நிழலில் வைத்துவிட்டு நீர் ஊற்றலாம்.

வேரின் நுனியிலுள்ள மெல்லிய தூவிகள்தாம் நீரை உறிஞ்சுபவை. எவ்வளவு பக்குவமாகச் செய்தாலும் அவற்றில் பல அறுந்துபோகும். ஆகவே முதல் இரண்டு மூன்று வாரங்கள் வெளிச்சமுள்ள நிழலில் தொங்கவிடுங்கள். உரம் இப்போது கூடாது. காயம்பட்ட வேரைச் சுற்றி உப்புக் கரைசலின் செறிவு கூடினால் சவ்வூடு பரவலால் நீர் உள்ளே போவதற்குப் பதில் வெளியே வரும்.

தராசு சொல்லும் செய்தி

"எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்றுவது?" என்று மாணவர்கள் கேட்பார்கள். நாளை எண்ணாதீர்கள், எடையைப் பாருங்கள். தொங்கு தொட்டிக்கு இதில் தனி வசதி இருக்கிறது, கொக்கியுள்ள வில் தராசில் அப்படியே மாட்டிவிடலாம். நீர் ஊற்றி, சொட்டு நின்றதும் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். 1,150 கிராம் என்று வைத்துக்கொள்வோம். நாள்தோறும் ஒரே நேரத்தில் எடையைக் குறியுங்கள். குறைவதெல்லாம் ஆவியான நீரே. ஒரு கிராம் என்பது ஒரு மில்லிலிட்டர். மேலிருந்து இரண்டு அங்குலம் வரை விரலுக்குக் காய்ந்து தெரியும் நாளில் எடை 900 கிராம் என்றால், உங்கள் தொட்டிக்கு அதுவே நீர் கேட்கும் எடை. அடுத்த முறையிலிருந்து விரல் வேண்டியதில்லை, தராசு போதும்.

குறித்த எடைகளை வரைபடத்தாளில் புள்ளியிட்டு இணையுங்கள். முதல் வாரங்களில் கோடு மெதுவாகச் சரியும். அறுந்த வேர்கள் இன்னும் வேலைக்கு வரவில்லை. நான்காவது ஐந்தாவது வாரம், அதே வானிலையில், சரிவு செங்குத்தாகத் தொடங்கினால் புது வேர்கள் புதுக் கலவைக்குள் இறங்கிவிட்டன என்று பொருள். நுனியில் துளிர் தெரிவதற்குச் சில நாள் முன்பே வரைபடத்தில் இந்த மாற்றம் தெரிந்துவிடுவதும் உண்டு. நீர்த்த திரவ உரத்தை அதன்பிறகு தொடங்கலாம், பாட்டிலின் மேல் அச்சிட்டிருக்கும் அளவில் பாதிக்கு மேல் வேண்டாம்.